வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஆம்ஸ்டர்டாமிலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்களில் வாரத்துக்கு ஒருவராவது என் மீன்கடை முன்னால் நின்று, "நகரத் தலைவரையே கிண்டல் பண்ணிப் பதக்கம் அடிச்சாரே, அந்தக் குறும்புக்காரர் வீடு எதும்மா?" என்று கேட்பார்கள். அடுத்த வீடுதான், பச்சைக் கதவு என்று கையைக் காட்டுவேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முகம் விழுந்து திரும்பி வருவார்கள். கண்ணில் குசும்பு மின்னும் ஒரு ஆளை அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பது என் தம்பி டீமன்.

டீமன் பிறந்து ஐம்பத்தாறு வருஷத்தில் ஒருத்தரையும் கிண்டல் செய்ததில்லை. அவனை யாராவது கிண்டல் செய்தாலும் புரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போவான். எங்கள் அம்மா பேச்சையெல்லாம் எனக்கே கொடுத்துத் தீர்த்துவிட்டாள். அவனுக்குக் கண்ணை மட்டும் கொடுத்தாள்.

பதக்கத்துக்கு அச்சு வெட்டுவது அவன் தொழில். எஃகுக் கட்டையில் உருவத்தைக் குழியாகவும் இடவலம் மாற்றியும் வெட்ட வேண்டும். அதன் கீழே வெள்ளியையோ ஈயத்தையோ வைத்து, பெரிய திருகாணியை நாலு பேர் சுற்றி இறக்கினால் உருவம் மேடாக எழும்பி வரும். அவன் கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் கற்பனையில்தான். கண்ணால் பார்க்காத எதையும் அவன் கை வெட்டாது. பதக்கத்திலோ பாதி உருவங்கள் யாருமே பார்க்காதவை. 'வெற்றி' இறக்கையோடு பறந்து வர வேண்டும், 'புகழ்' எக்காளம் ஊத வேண்டும், 'பொறாமை' தலை நிறையப் பாம்போடு உட்கார்ந்து தன் நெஞ்சையே பிய்த்துத் தின்ன வேண்டும். வெற்றிக்கு அவன் பெண்டாட்டி ஸ்வான் முதுகில் வாத்து இறக்கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புகழுக்குப் படகுத் துறையில் கொம்பு ஊதுகிறவனின் கன்னம். பொறாமைக்கு நான்.

"ஏண்டா, இந்த ஊர்ல வேற பொம்பளையே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"உங்கிட்டதானேக்கா விலாங்கு இருக்கு" என்றான்.

அதுவும் உண்மைதான். ஒரு கூடை விலாங்கு மீனைத் தலையில் சுற்றிக்கொண்டு, நெஞ்சுக்குப் பதிலாக ஒரு பேரிக்காயைக் கடித்தபடி அரை நாள் உட்கார்ந்தேன். அந்தப் பதக்கம் ஸ்வீடன் வரைக்கும் போனதாம். அங்கே யாரோ ஒரு பிரபு என் முகத்தைப் பார்த்துத் திருந்தியிருக்கலாம். எனக்கு மூன்று நாள் தலை நாறியது.

வேலையில் அவன் ரொம்ப மெதுவு. பொற்கொல்லர் சங்கத்தில் அவனை 'நத்தை' என்றார்கள். "நல்லா இருக்கே" என்று சொல்லி அதையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டான். அவன் வெட்டிய ஒவ்வொரு பதக்கத்தின் அடியிலும் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும். சங்கம் பதிவு செய்து கொடுத்த முத்திரை அது. உலகத்தில் அவனுக்கென்று இருந்த ஒரே பெருமை அந்த நத்தைதான்.

எங்கள் ஜனங்களுக்குப் பதக்கம் என்றால் உயிர். பீர்க்கடையில் ஒன்று கைக்கு வந்தால் போதும், மேஜை மேஜையாகச் சுற்றும். பிரெஞ்சு ராஜா தன்னைச் சூரியன் என்று சொல்லிக்கொண்டால், எங்கள் ஆள் ஒருவன் அந்தச் சூரியனை ஒரு வட்டப் பாலாடைக்கட்டி மறைப்பது போல அடித்துவிடுவான். சேவல் என்றால் பிரெஞ்சுக்காரன், சிங்கம் என்றால் நாங்கள், ஆரஞ்சு மரம் என்றால் இளவரசர். பின்னல் வேலி போட்ட தோட்டம் ஒன்று வரும். அது எங்கள் நாடு. உள்ளே சிங்கம் உட்கார்ந்திருக்கும், வேலிக் கதவு மூடியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத மூட்டை தூக்கிகூட இதையெல்லாம் கடகடவென்று சொல்வான். எங்கள் வெய்டர்டாம் மாதிரிச் சின்ன ஊரிலேயே இப்படி.

இனி அந்தக் கெட்ட வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ராஜாவின் படை உட்ரெக்ட் வரைக்கும் வந்துவிட்டது. வழியில் இருந்த ஊர்கள் ஒவ்வொன்றாகச் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தன. எங்கள் ஊர் கொடுக்கவில்லை. மதகைத் திறந்து எங்கள் மேய்ச்சல் நிலத்தை நாங்களே மூழ்கடித்தோம். முழங்கால் தண்ணீர், நடக்கவும் முடியாது, பெரிய படகும் போகாது. அந்தப் பக்கமே நின்று பார்த்துக்கொண்டிருந்தான் பிரெஞ்சுக்காரன்.

அப்போது நகரத் தலைவர் லாம்பெர்ட் ஃபான் ஊஸ்ட்வேன். பத்து வருஷம் கழித்து மறுபடியும் அவரே தலைவர். ஊர் காத்த பெருமை எல்லாம் அவருக்கு. ஆனால் ஊருக்குள் ஒரு பேச்சும் உண்டு. மதகு திறப்பதற்கு முந்தின நாள், அவர் வீட்டுப் படகில் வெள்ளிப் பாத்திரமும் படுக்கை விரிப்பும் ஏறியதாம். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. பார்க்காமலே எல்லோரும் நம்பினோம். நான் மற்றவர்களைவிட அதிகமாகவே நம்பினேன்.

பத்தாவது வருஷ விழாவுக்கு நினைவுப் பதக்கம் வேண்டும் என்று நகர மன்றம் டீமனிடம் வந்தது. ஒரு பக்கம் தண்ணீர் நடுவில் எங்கள் ஊர். மறுபக்கம் வேலிபோட்ட தோட்டம், உள்ளே வாளோடு சிங்கம், வெளியே கதவுக்குப் பக்கத்தில் நனைந்துபோன ஒரு சேவல். ஓரத்தில் மதகுரு எழுதிக் கொடுத்த லத்தீனும், மன்றத்தார் ஒவ்வொருவரின் குடும்பச் சின்னமும்.

சேவலுக்கு என் கடைக்குப் பின்னால் திரிந்த சேவல் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். சிங்கத்துக்கு, சந்தையில் கூண்டில் காட்டியபோது வரைந்து வைத்தது இருந்தது. வேலிக் கதவுக்கு எங்கும் போகவில்லை. சந்துப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் வீட்டுப் பின்தோட்டத்துக் கதவைப் பார்த்தே வெட்டிவிட்டான்.

அந்தக் கதவில்தான் வினை இருந்தது. ஸ்வான் வளர்க்கும் ஆடு டோர்ட்யே, வாயால் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைத் திறக்கப் பழகியிருந்தது. இரண்டு முறை மதகுருவின் முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி செய்துவிட்டது. அதனால் ஸ்வான் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம், சந்தைப் பார்த்து மாட்டியிருந்தாள். டீமன் அதை அப்படியே வெட்டினான். இடவலம் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் நூறு தரம் சரிபார்த்தான். மன்றத்தார் மெழுகுப் பதிப்பைப் பார்த்தார்கள்; ஒவ்வொருவரும் ஓரத்தில் இருந்த தன் குடும்பச் சின்னத்தைத் தேடிக் கண்டுபிடித்து, திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

விழா நாளன்று வில்வீரர் மண்டபத்தில் விருந்து. ஹெர்ரிங் மீன், பட்டாணிக் கூழ், பீர், என்னுடைய புகைபோட்ட விலாங்கு. வெள்ளிப் பதக்கம் பெரியவர்களுக்கு, ஈயப் பதக்கம் எங்களுக்கு. என் கைக்கு ஒன்று வந்தது. தம்பி வெட்டியதாயிற்றே என்று ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"ஐயோ, தாழ்ப்பாள் வெளிப்பக்கமா இருக்கே! சேவல் மூக்கால ஒரு தட்டுத் தட்டினாப் போதுமே!"

எல்லோரும் தங்கள் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு எழுந்ததே ஒரு சிரிப்பு! பீர் பீப்பாய்க்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "சரியாத்தான்டா வெட்டியிருக்கான். யார் எப்ப வேணாலும் வாங்கன்னு கதவை வச்சிருந்தது நம்ம தலைவர்தானே!" என்று ஒருவன். "படகுல மூட்டை ஏத்தினவருக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் எதுக்கு?" என்று இன்னொருவன். மேல் மேஜையில் நகரத் தலைவரின் முகம் வெந்த நண்டின் நிறத்துக்கு வந்திருந்தது. டீமன் மட்டும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "என்னக்கா சொன்னே? எதுக்குச் சிரிக்கிறாங்க?" என்றான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத என்னால் வந்தது அது.

ஒரே வாரத்தில் பதக்கம் ஹார்லெம், லைடன் எல்லாம் போய்விட்டது. வழியில் போகிறவர்கள் டீமனின் முதுகில் தட்டி, "துணிச்சல்காரன்யா நீ" என்றார்கள். அவன் வீட்டுக்கு வந்து முதுகைத் தடவிக்கொண்டான். எட்டாம் நாள் நகர மண்டபத்திலிருந்து ஆள் வந்தது.

குற்றச்சாட்டை எழுத்தர் வாசித்தார். கேட்பது ஒன்றே ஒன்று: தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா? தெரிந்து என்றால், ஊர் ஆட்சியை இழிவு செய்த குற்றம்; ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். தெரியாமல் என்றால், ஒரு கதவைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத அச்சு வெட்டி. சங்கம் அவன் நத்தை முத்திரையைப் பறித்துக்கொள்ளும். இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

"ரெண்டும் இல்லையேக்கா. நான் பார்த்ததைத்தானே வெட்டினேன்" என்றான் டீமன். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"கழட்டுடா அந்தக் கதவை" என்றேன்.

அப்படித்தான் எங்கள் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நான், நடுவில் கதவை நிலையோடு தூக்கிக்கொண்டு டீமனும் ஸ்வானும். கதவு போய்விட்டதால் தோட்டம் திறந்து கிடந்தது. பின்னாலேயே டோர்ட்யேயும் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் பாதி ஊர். நகர மண்டபப் படியில் காவல்காரன் மறித்தான்.

"ஆட்டை உள்ள விட முடியாது."

"சாட்சியை மறிக்கிறியா நீ? பேரு சொல்லு, எழுதி வச்சுக்கிறேன்" என்றேன். விட்டுவிட்டான்.

மன்றத்தின் பச்சைத் துணி விரித்த மேஜைக்கு முன்னால் கதவை நிமிர்த்தி வைத்தோம். ஸ்வான் தாழ்ப்பாளை உள்பக்கம் மாட்டிக் காட்டினாள். டோர்ட்யே நேராகப் போய் மூக்கை நுழைத்து, டக்கென்று தூக்கித் திறந்தது. வெளிப்பக்கம் மாற்றி மாட்டினாள். ஆடு முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, கோபத்தில் எழுத்தரின் காகிதத்தில் ஒரு மூலையைத் தின்றது. மன்றத்தார் ஒருவரும் சிரிப்பை அடக்கவில்லை. தலைவர் லாம்பெர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, ஆட்டுக்காகத்தான்னு வச்சுப்போம். அந்தத் தாழ்ப்பாளை அழி" என்றார்.

"அழிக்க முடியாதுங்க ஐயா. எஃகுல குழி வெட்டினா வெட்டினதுதான். இன்னும் வெட்டலாம், வெட்டினதைத் திரும்ப வைக்க முடியாது. பதக்கத்துல எதையாவது சேர்க்கலாம், எதையும் எடுக்க முடியாது" என்றான் டீமன்.

"அப்ப சேர். அது மேல ஒரு பூட்டைப் போட்டு மறை."

அச்சைத் தணலில் சுட்டு, சாம்பலில் ஆறவைத்து மென்மையாக்கி, தாழ்ப்பாளின் மேலே அழகாக ஒரு பூட்டை வெட்டினான். புதுப் பதக்கம் வெளியே வந்தது. அன்று சாயங்காலமே பீர்க்கடையில், "பூட்டும் வெளியதான் இருக்கு! இப்ப சிங்கத்தையே உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க!" என்றார்கள். "சாவி யார்கிட்ட?" என்று ஒருவன் கேட்க, கடை முழுக்க ஒரே குரலில், "சேவல்கிட்ட!" என்றது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

தலைவர் ஹேக் நகரத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுத்தரிடம் கத்திவிட்டுப் போனார்: "மேகத்துலேர்ந்து கடவுளோட கை ஒண்ணு வரட்டும். அந்தக் கையில சாவி இருக்கட்டும். கடவுள் சாவியை யாரும் கேலி பண்ண மாட்டாங்க!"

மேகத்திலிருந்து வரும் கை எல்லாப் பதக்கத்திலும் உள்ளதுதான். டீமன் இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு தன் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த பெரிய இரும்புச் சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது வருஷக்கணக்காக அங்கேதான் கிடந்தது. எதன் சாவியடா என்று ஒருமுறை கேட்டபோது, "பழசுக்கா" என்றதோடு சரி.

"கைக்கு யாருடா நிக்கிறது? என் கையில மீன் செதில் இருக்கு, சொல்லிட்டேன்."

"வேணாங்க்கா. பார்த்த கை ஒண்ணு இருக்கு."

வெட்டி முடித்தான். அச்சில் மேகமும் கையும் கொள்ளும் அளவுக்குக் காலியாக இருந்த ஒரே இடம் சேவலின் தலைக்கு மேலேதான். கை அங்கே வந்தது. எழுத்தர் மெழுகைப் பார்த்தார், தோட்டமும் சிங்கமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், ஆடு தின்ற காகிதத்துக்குப் பதில் புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். சந்தை நாளில் மூன்றாவது பதக்கம் வந்தது.

நான் அதை எடுத்துப் பார்த்ததும் கையிலிருந்த விலாங்கு கீழே விழுந்தது. மேகத்திலிருந்து வந்த கையில் லேஸ் வைத்த சட்டை மடிப்பு இருந்தது. நடுவிரலில் தடித்த மோதிரம் இருந்தது. மோதிரத்தில் எறும்பளவுக்கு ஒரு கொக்கு நின்றது. கொக்கு மோதிரம் எங்கள் ஊரில் ஒரே ஒருவர் கையில்தான் உண்டு, நகரத் தலைவர் கையில். அந்தக் கை, சேவல் நீட்டிக்கொண்டிருந்த அலகுக்கு நேர் மேலே சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

அன்று ஊரில் யாரும் வேலை செய்யவில்லை. சிரித்தே பொழுது போயிற்று. நான் சிரிக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு ஓடினேன். ஸ்வான் ஏற்கெனவே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இவரு வாயைத் திறக்க மாட்டேங்கிறாரு. நீங்களாவது கேளுங்க. எதுக்கு இப்படிப் பண்ணினாருன்னு கேளுங்க."

"பைத்தியக்காரா! ஊரை விட்டே துரத்தப் போறாங்கடா! அந்தக் கையை எங்கடா பார்த்தே நீ?"

அவன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஹேக்கிலிருந்து திரும்பிய தலைவர் உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

இந்தத் தடவை மன்றம் இல்லை, எழுத்தர் இல்லை. தலைவரின் சின்ன அறை. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் அனுமதி கேட்கவில்லை. லாம்பெர்ட் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றார். மேஜைமேல் மூன்றாவது பதக்கம் கிடந்தது. கத்துவார் என்று நினைத்து நான் பதிலுக்குக் கத்தத் தயாராகப் போயிருந்தேன். அவர் கத்தவில்லை.

"முதல் தடவை ஆடு. ரெண்டாவது தடவை நான் சொன்ன பூட்டு. இதுக்கு என்ன சொல்றே?" என்றார்.

"பார்த்ததைத்தான் வெட்டினேன் ஐயா. மேகத்துலேர்ந்து ஒரு கை சாவியோட வர்றதை என் ஆயுசுல ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்."

தலைவர் திரும்பினார். டீமன் பையிலிருந்த சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தான். பேசிப் பழக்கமில்லாத என் தம்பி அன்று பேசினான்.

"அந்த வருஷம் தண்ணிவாசல்ல, படகுங்க ஊருக்குள்ள வர்ற கதவுல, காவல் எனக்கு. விடியற நேரம். பனி மூடிக்கிடந்தது. நான் கீழே படித்துறையில நின்னேன், நீங்க மேல கரையில. உங்க முகம் தெரியல. பனிக்குள்ளேர்ந்து உங்க கை மட்டும் கீழே வந்தது. லேஸு, மோதிரம், இந்தச் சாவி. 'பிரெஞ்சுக்காரங்க வந்தா சத்தமில்லாம திறந்து விட்டுடு'ன்னு சொன்னீங்க. உங்க படகு கிளம்பற சத்தம் கேட்டுச்சு."

பத்து வருஷம்! எல்லோரும் பார்க்காமலே நம்பிய கதையை, பார்த்த ஒருத்தன் பக்கத்து வீட்டிலேயே இருந்துகொண்டு என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலையா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க."

"ஏன்?"

"நீங்க பயந்திருந்தீங்க. நானும் பயந்துதான் நின்னேன். பயத்துல ஒருத்தர் சொன்னதை வெளியில சொல்றது நல்லா இருக்காது. அதோட, மறுநாள் மதகு திறக்கறப்ப சக்கரத்துல முதல்ல தோள் கொடுத்தது நீங்க. படகைத் திருப்பிக்கிட்டு வந்துட்டீங்க. அதையும் பார்த்தேன். அதை வெட்டச் சொல்லியிருந்தா அதையும் வெட்டியிருப்பேன். நீங்க கையும் சாவியும் கேட்டீங்க. வேற கை எனக்குத் தெரியாது."

கிளம்பிப் போன மனுஷன் தானாகவே படகைத் திருப்பிக்கொண்டு வந்தார் என்பது எனக்குத் தெரியாது. படகு ஏறிய பாதிக் கதைதான் தெரியும். அதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் விலாங்கோடு சேர்த்து அவர் மானத்தையும் விற்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சொன்னால் என்ன.

லாம்பெர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை. பதக்கத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் ஆடு உள்ளே இருந்தே திறந்துடும்னுதானே தாழ்ப்பாளை வெளிய வச்சீங்க?"

"ஆமாங்க ஐயா. அது என் பெண்டாட்டி வேலை."

"அப்ப அது சரியான பக்கத்துலதான் இருக்கு. அன்னிக்கும் திறக்கப் பார்த்தது உள்ளே இருந்தவன்தானே" என்றார். சொல்லிவிட்டு, விழாவுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பின் தண்ணீரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. "அச்சுல இன்னும் இடம் இருக்கா?"

"சிங்கத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் இருக்குங்க."

"அந்த ஆட்டையும் வெட்டு. வேலிக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு இருக்கட்டும். உன் நத்தையை யாரும் தொட மாட்டாங்க. வீட்டுக்குப் போ. சாவியை எடுத்துட்டுப் போ, அது உன்கிட்ட இருந்தாத்தான் ஊருக்கு நல்லது."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏண்டா, எங்கிட்டகூடச் சொல்லலையேடா?"

"உங்கிட்ட சொன்னா ஊர்ல யார்கிட்ட சொல்லாம இருக்கறது?" என்றான். என் தம்பி ஆயுசில் செய்த ஒரே கிண்டல் அதுதான் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்தேன், கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டிருக்கிறான்.

நாலாவது பதக்கம் வந்தது. வேலிக்கு மேலே டோர்ட்யே தாடியோடு எட்டிப் பார்த்தது. ஊருக்கு மண்டை காய்ந்தது. ஆடு மதகுரு என்றார்கள், எழுத்தர் என்றார்கள், ஸ்பெயின் ராஜா என்றார்கள். லைடனிலிருந்து ஒரு படித்தவர் வந்து, பழைய கிரேக்கக் கதைகளில் ஆட்டுக்கு என்ன அர்த்தம் என்று என் கடையில் நின்றபடி அரை மணி விளக்கினார். எனக்கு விடை தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விலாங்கை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஊரைப் பொறுத்தவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்த முதல் விஷயம் அதுதான். தலைவர் இருந்தவரைக்கும் மூடியே இருந்தேன்.

அவர் போன வருஷம் போய்விட்டார். சவ ஊர்வலத்தில் ஊரே நடந்தது. மறு வாரம் அவர் மகள் டீமன் வீட்டுக்கு வந்து ஒரு சின்னத் துணிப்பொட்டலம் கொடுத்தாள்.

"அப்பா எப்பவும் சட்டைப் பையில வச்சிருந்தது. உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாரு. ரகசியம் ஒண்ணும் வேணாம், இனிமே யார் கேட்டாலும் சொல்லிடலாம்னும் சொன்னாரு. முக்கியமா, அவரு படகைத் திருப்பிக்கிட்டு வந்ததையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாரு."

உள்ளே அந்த மூன்றாவது பதக்கம், வெள்ளியில் அடித்தது. டீமன் ஜன்னலுக்குக் கொண்டுபோனான். நானும் ஸ்வானும் அவன் தோளுக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தோம். சிங்கம் கூர்மையாக இருந்தது. சேவல், பூட்டு, வேலியின் ஒவ்வொரு குச்சி, அடியில் நத்தை, எல்லாம் நேற்று அடித்ததுபோல இருந்தன. மேகத்திலிருந்து வந்த கையில் மட்டும் மோதிரம் இல்லை. கொக்கும் இல்லை. அரத்தால் ராவியதில்லை அது. அரம் பட்டால் கோடு விழும். ஒரு கட்டைவிரல் வருஷக்கணக்காக அந்த ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து மழுக்கியிருந்தது. வெற்றுக் கையாக இருந்தது; யாருடைய கையாகவும் இருக்கலாம்.

டீமன் தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"பதக்கத்துல எதையும் எடுக்க முடியாதுன்னு அவர்கிட்ட சொன்னேனேக்கா, தப்பாச் சொல்லிட்டேன்" என்றான்.